அண்ணனின் நிழலில்: ‘டெட்சுவோ 2’ எதிர்கொள்ளப்பட்ட விதம்

தகப்பன் சொந்த மகனையே சுட்டுவிடுகிறான். வேண்டுமென்று செய்ததல்ல. பிள்ளையைக் கடத்தியவனைத் துரத்திக்கொண்டு மொட்டைமாடிவரை ஓடியவனுக்கு, ஆத்திரம் தலைக்கேறிய நொடியில் கை துப்பாக்கியாகத் திரண்டுவிடுகிறது. அது வெடிக்கும்போது எதிரே நீட்டிப் பிடிக்கப்பட்டிருந்தது குழந்தை. 1992இல் வெளியான ‘டெட்சுவோ 2: பாடி ஹாம்மர்’ என்ற ஜப்பானியப் படத்தின் அச்சாணி இந்தக் காட்சிதான். அதற்குப் பிறகு வரும் இரும்பும் ரத்தமும் பாழடையும் டோக்கியோவும் இந்த ஒரு குண்டிலிருந்தே கிளம்புகின்றன.

எழுதி இயக்கியவர் ஷின்யா ட்சுகாமோட்டோ. படத்தொகுப்பு அவருடையது, ஒளிப்பதிவிலும் பங்கு உண்டு, வில்லனாக நடித்தவரும் அவரே. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘டெட்சுவோ: தி அயர்ன் மேன்’ என்ற 67 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படத்தால் உலகெங்கும் ஒரு சிறு கூட்டத்தைப் பித்துப்பிடிக்க வைத்தவர். இரண்டாவது படத்துக்குப் பணம் கூடியது, நிறம் வந்தது, கதையும் வந்தது. பாராட்டு மட்டும் அந்த அளவுக்குக் கூடவில்லை. இன்றுவரை இந்தப் படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘முதல் படத்தைப்போல் இல்லை’ என்ற இடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

பிரிந்துபோன அண்ணன் தம்பியின் கதையைச் சொல்லும் படம் இது. விமர்சனத்தில் அதற்குக் கிடைத்த இடமும் தம்பியின் இடம்தான்: அண்ணனின் மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்க்கப்படும் பிள்ளையின் இடம். அந்த ஒப்பீடு எப்படி உருவானது, எதைக் கண்டது, எதைத் தவறவிட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அளவுகோல் உருவான விதம்

ட்சுகாமோட்டோ 1960இல் டோக்கியோவில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே எட்டு மில்லிமீட்டர் கேமராவில் படமெடுக்கத் தொடங்கினார். பின்னர் விளம்பரத் துறையில் வேலை, அதன்பின் ‘கைஜூ தியேட்டர்’ என்ற நாடகக் குழு. ‘கைஜூ’ என்றால் ஜப்பானியத் திரையில் நகரங்களை மிதித்து நொறுக்கும் ராட்சத விலங்கு. நாடகத்துக்காகச் செய்த ஒப்பனைகளையும் பொருள்களையும் வைத்துக்கொண்டு எடுத்த குறும்படங்களில் ஒன்றான ‘மின்கம்பச் சிறுவனின் சாகசம்’ 1988இல் பியா திரைப்பட விழாவின் முதற்பரிசைப் பெற்றது. சுயாதீனமாகப் படமெடுக்கும் இளைஞர்களைக் கண்டெடுப்பதற்கென்றே இருந்த விழா அது.

அதே குழு, அதே கைவேலையோடு 16 மில்லிமீட்டரில் எடுத்ததுதான் ‘டெட்சுவோ’. தன் தொடையைக் கீறி அதற்குள் உலோகத்தைச் செருகிக்கொள்ளும் ஒருவன்; அவன்மேல் காரை ஏற்றிவிடும் அலுவலக ஊழியன்; மறுநாள் சவரம் செய்யும்போது ஊழியனின் கன்னத்தில் முளைத்திருக்கும் சிறு உலோகத் துண்டு. அதன்பின் உடல் முழுக்கக் குழாயும் கம்பியும் பிதுங்கி வளர்கின்றன. படப்பிடிப்பின் பெரும்பகுதி நடந்த இடம், நாயகியாக நடித்து ஒளிப்பதிவிலும் பங்கெடுத்த கெய் ஃபுஜிவாராவின் சிறிய வாடகை வீடு. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் உதிரிகளைப் பசைநாடாவால் உடம்பில் ஒட்டி, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் படமெடுத்தார்கள். வேலை மாதக்கணக்கில் இழுத்தது. குழுவில் பலர் நடுவழியில் விலகிப் போனார்கள்.

அந்தப் படம் 1989இல் ரோம் நகரின் ஃபான்டாஃபெஸ்டிவல் விழாவில் முதற்பரிசு பெற்றது. ஜப்பானின் வெகுசனத் திரையுலகம் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். டோக்கியோவின் நகானோ பகுதியிலிருந்த ஒரு சிறு அரங்கில் ஓடிய படம், ஐரோப்பாவின் நள்ளிரவுக் காட்சிகளுக்கும் ஒளிநாடாக் கடைகளுக்கும் பயணப்பட்டது. வசனம் மிகக் குறைவு என்பதால் மொழி ஒரு தடையாக இல்லை. சூ இஷிகாவா உலோகத்தை அடித்து அடித்து எழுப்பிய இசை அரங்கின் சுவரை அதிரவைத்தது. டேவிட் லிஞ்சின் ‘எரேசர்ஹெட்’, டேவிட் குரோனென்பெர்க்கின் ‘வீடியோட்ரோம்’ ஆகியவற்றோடு சேர்த்துப் பேசினார்கள்.

இங்கேதான் அளவுகோல் உருவானது. கறுப்பு வெள்ளை, கரகரப்பான பிம்பம், மூச்சுவிட இடம் தராத வேகம், காரணம் சொல்லாத கதை. இவற்றில் பாதி கையில் காசில்லாமையின் விளைவு. ஆனால் பார்வையாளர் அவற்றையே அந்த இயக்குநரின் கலைக்கொள்கையாக எடுத்துக்கொண்டார்கள். கையில் காசு வந்தபின் அவர் எடுக்கப்போகும் படம் எந்த வகையிலும் தப்பிக்க முடியாத ஒரு சோதனை முன்கூட்டியே தயாராகிவிட்டது.

எதிரெதிரான இரண்டு குற்றச்சாட்டுகள்

இடையில் 1991இல் ட்சுகாமோட்டோ ஒரு மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, தழுவி ‘ஹிருகோ’ என்ற பேய்ப்படத்தை ஸ்டூடியோ ஒன்றுக்காக எடுத்தார். அதன்பின் சொந்த வீட்டுக்கே திரும்பிவந்ததுபோல் ‘டெட்சுவோ’வுக்கு வந்தார். இசைத்தட்டு நிறுவனமான டோஷிபா இஎம்ஐ தயாரிப்பில் பங்கேற்றது. முதல் படத்தின் நாயகன் தொமோரோவோ டகுச்சியே இதிலும் நாயகன். ‘யாட்சு’ என்ற எதிராளியாக மறுபடி ட்சுகாமோட்டோ. ஜப்பானிய மொழியில் ‘யாட்சு’ என்பது பெயரே இல்லை. நம் பேச்சில் ‘அந்தப் பய’ என்போமே, கிட்டத்தட்ட அந்தத் தொனி.

இத்தனை ஒற்றுமை இருந்தும், கதை முதல் படத்தின் தொடர்ச்சி இல்லை. முன்பு பெயரே இல்லாதிருந்த ஊழியனுக்கு இப்போது தனிகுச்சி தொமோ என்று பெயர் உண்டு. கானா என்று மனைவி, மினோரி என்று மகன். கண்ணாடிச் சுவர் வைத்த உயரமான குடியிருப்பில் வசிக்கிறான். குழந்தைப்பருவம் மட்டும் அவன் நினைவில் இல்லை. மொட்டைத்தலை ஆட்கள் சிலர் கடைவீதியில் அவன் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உருக்காலை போன்ற ஒரு பாதாளத்தில் உடற்பயிற்சி செய்து உடலை முறுக்கேற்றும் கூட்டம் அது. அதன் தலைவன் யாட்சு. தனிகுச்சியின் மறந்துபோன குழந்தைப்பருவத்தில் இருப்பவன் அவனே என்பதும், மகன்களின் உடலையே ஆயுதமாக்கப் பார்த்த ஒரு தகப்பன் இருந்தான் என்பதும் படத்தின் பின்பாதியில் தெரியவருகின்றன.

இந்தப் படத்தின்மேல் விழுந்த விமர்சனங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படுகிறது. ஒரு தரப்பு சொன்னது: இது தொடர்ச்சியே இல்லை, முதல் படத்தைக் கூடுதல் பணத்தில் மறுபடி எடுத்திருக்கிறார். மறுதரப்பு சொன்னது: இதில் முதல் படமே இல்லை, அந்த வெறி, அந்த விளங்காமை, அந்தக் காமம் எல்லாம் போய் வழக்கமான பழிவாங்கும் கதையாகிவிட்டது. திரும்பச் சொன்னதாக ஒரு குற்றம், திரும்பச் சொல்லாததாக ஒரு குற்றம். சில நேரம் ஒரே கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில் வரும்.

இரண்டுக்கும் இடையில் வேறொரு சாத்தியம் இருக்கிறது. சாம் ரெய்மியின் ‘ஈவில் டெட் 2’ 1987இல் வந்தபோது, முதல் படத்தின் மூலக்கதையைச் சுருக்கித் திருப்பிச் சொல்லி, அதன்மேல் புதிதாகக் கட்டியது. திகில் ரசிகர்கள் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். பலர் முதற்பாகத்தைவிட மேல் என்றே சொல்கிறார்கள். அப்படியானால் ‘டெட்சுவோ 2’க்கு எதிரான மனக்குறை, மீண்டும் எடுத்தார் என்பதைப் பற்றியது மட்டும் இல்லை. ரெய்மி திரும்பச் சொன்னபோது நகைச்சுவையைக் கூட்டினார். ட்சுகாமோட்டோ திரும்பச் சொன்னபோது காரணத்தைக் கூட்டினார். உடல் ஏன் இரும்பாகிறது என்பதற்கு முதல் படத்தில் விடை கிடையாது. இரண்டாவதில் விடை உண்டு: கோபம். அதற்குப் பின்னால் ஒரு வீடு, ஒரு தகப்பன், ஒரு கொலை. கனவு கண்டவர்களிடம் கனவின் பொருளைச் சொன்னால் வரும் எரிச்சல்தான் பார்வையாளருக்கு வந்தது.

அந்த எரிச்சலில் நியாயமும் இருக்கிறது. பைத்தியக்கார விஞ்ஞானி ஒருவர் இந்தப் படத்தில் வருகிறார். அவருடைய கூடமும் கருவிகளும் ஏற்கெனவே நூறு படங்களில் பார்த்தவை. கடந்தகாலக் காட்சி வரும் இடத்தில் படத்தின் வேகம் தடுக்கி நிற்கிறது. முதல் படத்தின் 67 நிமிடங்களில் வீணான ஒரு நிமிடத்தைத் தேட வேண்டும். இரண்டாவதில் தேட வேண்டியதில்லை. படத்தைப் பாதுகாக்க வருபவர் இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை.

பெட்டிகளின் மேல் ஒட்டிய பெயர்கள்

ஒரு படம் எந்தப் பெயர் எழுதிய அலமாரியில் வைக்கப்படுகிறது என்பதும் அதன் வரவேற்பைத் தீர்மானிக்கிறது. 1988இல் வந்த கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’ அசைவூட்டப் படத்திலும் டெட்சுவோ என்றொரு இளைஞன் உண்டு. அவன் கையும் உலோகமாகி ஊதிப் பெருகும். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் மேற்கே போய்ச் சேர்ந்ததால், ஒன்றின் ரசிகர்கள் மற்றொன்றுக்கும் வந்தார்கள். மங்காவை நேசித்தவர்களும், தொழிற்சாலைச் சத்தத்தை இசையாக்கிய இசைக்குழுக்களின் ரசிகர்களும், வில்லியம் கிப்சனின் அறிவியல் புனைவு நாவல்களைப் படித்தவர்களும் ஒரே ஒளிநாடாவைக் கைமாற்றிக்கொண்டார்கள். அந்த வகைப் புனைவுக்கு இட்ட ‘சைபர்பங்க்’ என்ற பெயர் எல்லாரையும் கட்டிய கயிறு.

ஆனால் கிப்சனின் உலகில் மனிதன் கணினிக்குள் போகிறான். உடம்பு அங்கே சுமை. ட்சுகாமோட்டோவின் படங்களில் கணினியே முக்கியமில்லை. துருவும் நட்டும் போல்ட்டும்தான். சோகோ இஷியியின் ‘பர்ஸ்ட் சிட்டி’ 1982இல் தொடங்கிவைத்த பங்க் வேகம், ஷோசின் ஃபுகுயியின் ‘964 பினோக்கியோ’ 1991இல் தொட்ட வெறி ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த உள்ளூர் மரபு தெளிவாகிறது. அமெரிக்கச் சைபர்பங்க் நாளைய உலகைப் பற்றியது என்றால், ஜப்பானியச் சைபர்பங்க் நேற்று மூடப்பட்ட தொழிற்சாலையைப் பற்றியது.

இன்னொரு பெயர் ‘உடல் திகில்’. ஆஸ்திரேலிய விமர்சகர் பிலிப் புரோஃபி எண்பதுகளில் எழுதிய கட்டுரை வழியாகப் பரவிய சொல் இது. பேயோ கொலைகாரனோ வெளியிலிருந்து வருவதில்லை. சொந்த உடம்பே அந்நியமாகி அச்சுறுத்துகிறது. குரோனென்பெர்க்கின் ‘தி ஃப்ளை’ இதற்கு எல்லாரும் சொல்லும் எடுத்துக்காட்டு. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தவர்களுக்கும் ‘டெட்சுவோ 2’ ஏமாற்றம் தந்தது. இங்கே உடல் அழுகுவதில்லை. அது வலுவாகிறது, குறிபார்க்கிறது, சுடுகிறது. முந்தைய ஆண்டுதான் ‘டெர்மினேட்டர் 2’ உலகெங்கும் ஓடியிருந்தது. நெஞ்சிலிருந்து துப்பாக்கிக் குழல் முளைக்கும் மனிதனைப் பார்த்தவர்கள் இதை அதிரடிப் படங்களின் வரிசையில் வைத்துவிட்டார்கள். அருவருப்பை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஆயுதம் கிடைத்தது.

1989க்கும் 1992க்கும் நடுவில்

இரு படங்களையும் ஒப்பிட்டவர்கள் பலர், அவற்றுக்கு இடையில் ஜப்பானுக்கு என்ன நடந்தது என்பதைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை. முதல் படம் வந்த 1989இன் கடைசி வர்த்தக நாளில் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915 என்ற உச்சியில் நின்றது. 1992 ஆகஸ்டில் அது 15,000க்கும் கீழே. நிலத்தின் விலையும் சரியத் தொடங்கியிருந்தது. ‘பபுள்’ என்று ஜப்பானியரே பெயரிட்ட அந்தக் குமிழி உடைந்துவிட்டது.

முதல் படத்தின் ஊழியன் இருட்டுச் சந்துகளிலும் நெருக்கடியான அறையிலும் வாழ்கிறான். பளபளக்கும் டோக்கியோவின் கண்ணுக்குத் தெரியாத குப்பைமேடு அவன் உடம்பில் ஏறிக்கொள்கிறது. இரண்டாவது படத்தின் தனிகுச்சி நேர் எதிர். வளமான காலம் ஒரு நடுத்தர வர்க்கத்தானுக்குத் தருவதாகச் சொன்ன எல்லாம் அவனிடம் இருக்கின்றன: கண்ணாடி வீடு, அழகான மனைவி, ஒற்றைப் பிள்ளை, ஓய்வுநாளில் கடைவீதி. படத்தின் நகரக் காட்சிகள் முழுக்கக் குளிர்ந்த நீலம். யாட்சுவின் பாதாளத்தில் துருவும் நெருப்பும். அந்த நீலத்தைப் பார்த்துப் ‘பணம் வந்ததும் படம் அழகாகிவிட்டது’ என்று குறைப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அந்த அழகு நகரத்தின் அழகு, உயிரில்லாத அழகு. படம் அதைக் காட்டுவது உடைப்பதற்காக.

ஆய்வாளர் இயன் கொன்ரிச் 2005இல் வெளியான ஜப்பானியத் திகில் சினிமா பற்றிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றில் ‘டெட்சுவோ’ படங்களைத் தொழில்யுகத்துக்குப் பிந்தைய நெருக்கடியோடு சேர்த்து வாசித்தார். அதே ஆண்டு திரைப்பட எழுத்தாளர் டாம் மெஸ் ட்சுகாமோட்டோவின் படங்கள் அனைத்தையும் வரிசையாக ஆராயும் தனி நூலை வெளியிட்டார். தனித்தனியாக மதிப்பெண் போடப்பட்டுவந்த படங்களை ஒரே கையின் தொடர்வேலையாகப் பார்க்க இத்தகைய எழுத்துகள் வழி செய்தன.

முடிவுக் காட்சிகளை அருகருகே வைத்தால் அந்த மூன்று ஆண்டுகள் இன்னும் துலக்கமாகத் தெரியும். முதல் படத்தில் இரண்டு ஆண்கள் ஒரே உலோகப் பிண்டமாக இணைந்து உலகைத் துருப்பிடிக்கவைக்கக் கிளம்புகிறார்கள். அதில் கொண்டாட்டம் இருக்கிறது. இளைஞனின் அழிப்பு வெறி. இரண்டாவதிலும் உடல்கள் இணைகின்றன, நகரம் தரைமட்டமாகிறது. ஆனால் அதன்பின் இறந்த பிள்ளையும் சேர்ந்த அந்தக் குடும்பம், ஆளற்ற இடிபாடுகளுக்கு நடுவே அமைதியாக நிற்கிறது. நிஜமா, கனவா, மறுமையா என்று படம் சொல்வதில்லை. காரணங்களை அடுக்கிய படம் கடைசியில் மட்டும் வாய் திறப்பதில்லை. விளக்கம் கூடிப்போனது என்று குறைசொன்னவர்கள் இந்த மௌனத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பின்னால் வந்தவை சொன்ன சாட்சி

ஒரு படத்தின் வரவேற்பு அது வெளியான ஆண்டோடு முடிவதில்லை. அந்தக் கலைஞர் பின்னால் என்ன செய்தார் என்பது முன்னால் செய்ததன் பொருளையும் மாற்றிவிடும்.

1995இல் வந்த ‘டோக்கியோ ஃபிஸ்ட்’ ஒரு விற்பனைப் பிரதிநிதியைப் பற்றியது. பழைய நண்பனான குத்துச்சண்டை வீரன் ஒருவன் வந்து அவன் வாழ்வைக் கலைக்கிறான். உடலிலிருந்து உலோகம் போய்விட்டது. வீங்கிய முகமும் ரத்தமும்தான். பாதுகாப்பான குடியிருப்பில் உறைந்துபோன ஒருவனை இன்னொருவன் கோபத்தின் வழியாக எழுப்புகிறான் என்ற அமைப்பு அப்படியே ‘டெட்சுவோ 2’இன் அமைப்பு. எழுப்பப்படுபவனாக ட்சுகாமோட்டோ நடிக்க, எழுப்புபவனாக நடித்தவர் அவருடைய சொந்தத் தம்பி கோஜி. 1998இன் ‘புல்லட் பாலே’யில், காதலி தற்கொலை செய்துகொண்டபின் துப்பாக்கி ஒன்றைத் தேடியலையும் ஆண். அதற்கும் வித்து தனிகுச்சியின் கையில்தான் முளைத்தது.

2009இல் வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட ‘டெட்சுவோ: தி புல்லட் மேன்’ இதற்கு இன்னும் நேரடியான சாட்சி. ஆங்கிலத்தில் எடுக்கப்பட்ட அந்த மூன்றாவது படம் எந்தக் கதையை எடுத்துக்கொண்டது? மகனை இழந்த தகப்பன், கோபத்தில் ஆயுதமாகும் உடல், பெற்றோரின் கடந்தகாலத்தில் புதைந்த ரகசியம். பெரிதும் போற்றப்பட்ட முதல் படத்தை விட்டுவிட்டு, குறைசொல்லப்பட்ட இரண்டாம் படத்தின் கேள்விக்கே இயக்குநர் பதினேழு ஆண்டு கழித்துத் திரும்பினார். அந்த மூன்றாம் படமும் கலவையான வரவேற்பையே பெற்றது என்பது வேறு கதை.

அதற்கு அடுத்த கட்டத்தில் ட்சுகாமோட்டோ வரலாற்றுக்குள் போனார். ஷோஹெய் ஊகாவின் நாவலைத் தழுவிய ‘ஃபயர்ஸ் ஆன் த பிளெய்ன்’ 2014இல் வந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் பிலிப்பைன்ஸ் காடுகளில் பட்டினியால் மனிதத்தன்மை இழக்கும் ஜப்பானியச் சிப்பாய்கள் பற்றியது. 2018இன் ‘கில்லிங்’ படத்தில் வாள்வித்தை கைவந்த இளம் சாமுராய்க்கு ஆளைக் கொல்ல மனம் வரவில்லை. மனித உடலை ஆயுதமாகப் பழக்குவது யார், பழக்கப்பட்டவன் என்ன ஆகிறான்? இந்தக் கேள்வியை அவர் முதன்முதலில் நேராகக் கேட்டது 1992இல், மகன்களைத் துப்பாக்கியாக்கப் பார்த்த அந்தத் தகப்பன் பாத்திரத்தின் வழியாக. முதல் ‘டெட்சுவோ’வில் அந்தக் கேள்வி இல்லை. அங்கே இரும்பு ஆசையின் பொருள். இங்கே வன்முறையின் பொருள். சூ இஷிகாவா 2017இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற இசையைக் கொண்டே ‘கில்லிங்’ படத்துக்கு இசை அமைக்கப்பட்டது. ‘டெட்சுவோ’வில் தொடங்கிய உலோக ஒலி அதுவரை தொடர்ந்து வந்திருக்கிறது.

இப்போது படம் கிடைக்கும் விதமும் மாறியிருக்கிறது. 2012இல் பிரிட்டனில் இரண்டு ‘டெட்சுவோ’ படங்களும் புதுப்பித்த பிரதிகளாகச் சேர்ந்தே ப்ளூரேயில் வந்தன. 2020இல் வெளியான பத்துப் படத் தொகுப்பிலும் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒளிநாடாவில் மங்கிக் கிடந்த நீலத்தை அதன் அசல் குளிர்ச்சியோடு பார்க்கும் தலைமுறைக்கு, மூன்று ஆண்டு காத்திருந்து ஏமாந்தவர்களின் மனக்குறை இல்லை. ஒரே இரவில் இரண்டையும் பார்க்கிறார்கள். முதல் படத்தின் இடிக்குப் பின் இரண்டாவது கொஞ்சம் தளர்ந்துதான் தெரியும். அதை எந்தப் புதுப்பிப்பும் சரிசெய்யாது. ஆனால் அதற்கடுத்து ‘டோக்கியோ ஃபிஸ்ட்’டையும் ‘புல்லட் பாலே’யையும் போடுகிறவர்கள், கதவு திறந்தது எந்தப் படத்தில் என்று தாங்களே கண்டுகொள்வார்கள்.

படத்துக்குள் தனிகுச்சிக்குத் தன் குழந்தைப்பருவம் நினைவில்லை. அதை நினைவுபடுத்த வரும் யாட்சு கூடப்பிறந்தவன்தான். நினைவு திரும்பியபின் எவன் நல்லவன், எவன் கெட்டவன் என்ற பிரிவு குழம்பிப்போகிறது, இரு உடல்களும் ஒன்றாகின்றன. முப்பது ஆண்டுகளாக அண்ணனை உயர்த்தித் தம்பியைத் தாழ்த்தி எழுதிவந்த விமர்சனம், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதைத் தன் முடிவுக் காட்சியிலேயே சொல்லிவைத்த ஒரு படத்தைப் பற்றியது.